சிவப்பு–சயான் கண்ணாடியில் 3டி சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சிவப்பு–சயான் கண்ணாடி போட்டுப் பார்க்கும் படங்களைச் சின்னச் சின்னக் கூட்டங்களுக்குத் திரையிட்டுக் காட்டுவது என் பல நாள் பழக்கம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கண்ணாடியைக் கையில் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார். "எனக்கு ஒண்ணுமே வெளியே வரலையே", "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது", "தலை வலிக்குது". கேட்டுக் கேட்டு, புகாரின் முதல் வாக்கியத்திலேயே பழுது எங்கே என்று ஓரளவு ஊகித்துவிட முடிகிறது. அதனால் அந்தப் புகார்களையே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் சோதனை அட்டையை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.

ஒன்றை நினைவில் வைத்தால் போதும். இந்த முறையில் இரண்டு கண்ணுக்குமான இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்; நிறம்தான் அவற்றின் முகவரிச் சீட்டு. சிவப்பு ஒளி இடது கண்ணுக்கு. பச்சையும் நீலமும் சேர்ந்த சயான் வலது கண்ணுக்கு. கோப்பு கிளம்பிக் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் யாராவது நிறத்தில் கை வைத்தால் தபால் தப்பான வீட்டுக்குப் போகும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் வேடங்கள்தான்.

## சோதனை அட்டை: ஐந்து நிமிட வேலை

ஏதாவது ஒரு வரைகலை மென்பொருளைத் திறந்து முழுக்கக் கறுப்பாக ஒரு படம் போடுங்கள். இடது பாதியில் "இடது" என்று பெரிய எழுத்தில், சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்ற நிறத்தில் எழுதுங்கள். வலது பாதியில் "வலது" என்று, சிவப்பு 0, பச்சை 255, நீலம் 255 என்ற நிறத்தில். பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

இப்போது கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

இடது கண்ணுக்கு "இடது" மட்டும், வலது கண்ணுக்கு "வலது" மட்டும் தெரிந்தால் கண்ணாடியும் திரையும் சரி. பழுது கோப்பிலோ, படம் எடுத்த விதத்திலோ இருக்கிறது.

இடது கண்ணுக்கு "வலது" என்று தெரிந்தால் கண்ணாடியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

ஒரு கண்ணுக்கே இரண்டு சொல்லும் தெரிந்து, ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் அதுதான் கசிவு. எவ்வளவு மங்கல் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எதை மாற்றினாலும் இந்த மங்கல் சொல் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் அளவுகோல்.

கூடவே நம்பகமான ஒரு படமும் கைவசம் இருக்கட்டும். நாசா வெளியிட்டிருக்கும் செவ்வாய்க் கோளின் சிவப்பு–நீலப் படங்களைத்தான் நான் வைத்திருக்கிறேன். பாறையும் மணலும் மட்டும் என்பதால் நிறச் சண்டையே வராது. பக்கத்துக் கல்லுக்கும் தூரத்து மேட்டுக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும். அதுவும் தட்டையாகத் தெரிந்தால் உங்கள் படத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

## "3டியே தெரியவில்லை. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுதான் இருக்கிறது"

கண்ணாடி எந்த வகை? திரையரங்கில் கொடுக்கும் சாம்பல் நிறக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை துருவமுனைப்பு வகை. அவை ஒளி அதிரும் திசையை வைத்துப் படத்தைப் பிரிப்பவை, நிறத்தைக் கண்டுகொள்ளாது. வீட்டில் எடுத்து வைத்திருந்த அந்தக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நிறக் கண்ணாடிதான் என்றாலும் ஜோடி பொருந்த வேண்டும். சிவப்பு–சயான் தவிர பச்சை–மெஜந்தா, ஆம்பர்–நீலம் என்றும் படங்கள் உண்டு. படத்தில் உள்ள பொருள்களின் ஓரங்களை வெறுங்கண்ணால் பாருங்கள். அங்கே பச்சையும் ஊதா கலந்த சிவப்பும் தெரிந்தால் சிவப்பு–சயான் கண்ணாடியால் பயனில்லை.

வகை பொருந்துகிறதா? அடுத்து கோப்பு. திரையில் ஒரே காட்சி பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகவோ, மேலும் கீழுமாகவோ நசுங்கித் தெரிந்தால், அது இன்னும் சிவப்பு–சயானாக மாற்றப்படவில்லை. பிளேயரின் 3டி அமைப்பில் உள்ளே வருவது எந்த வகை, வெளியே போவது எந்த வகை என்று இரண்டையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளியே போவதற்கு "ஆனகிளிஃப்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்; இந்த நிறப் பிரிப்பு முறையின் பெயர் அதுதான்.

படம் 90 பாகை திரும்பியிருக்கிறதா? கைபேசியில் அடிக்கடி நடக்கும். இரண்டு உருவங்களும் கிடைமட்டமாக விலகியிருந்தால்தான் மூளை சேர்க்கும். மேலும் கீழுமாக விலகினால் சேர்க்காது. சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பதும் இதே கணக்குதான். நிமிர்ந்து உட்காருங்கள்.

கைபேசியில் 'கிரேஸ்கேல்' வசதி போடப்பட்டிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும்; முகவரிச் சீட்டையே கிழித்துப் போட்ட மாதிரி. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, மற்ற எல்லாருக்கும் தெரிகிறது, ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

## "ஏதோ சரியில்லை. ஆழம் இருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது"

இது பெரும்பாலும் ஆழம் தலைகீழாகப் போன பழுது. பக்கத்தில் இருக்க வேண்டியது தூரத்திலும், தூரத்தில் இருக்க வேண்டியது பக்கத்திலும் போய்விட்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால் யாரும் வந்து "தலைகீழாகத் தெரிகிறது" என்று சொல்ல மாட்டார்கள். எது எதை மறைக்கிறது, எது பெரிது என்பதையெல்லாம் வைத்து மூளை இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். முகம் குழிந்து தெரிய வேண்டும், ஆனால் மூளை அதை ஒத்துக்கொள்ளாது. மிச்சமாவது ஓர் அசௌகரியம் மட்டுமே.

கண்ணாடியின் சட்டத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, சிவப்பு வலது கண்ணுக்கு வரும்படி வைத்துப் பாருங்கள். உடனே எல்லாம் இடத்தில் உட்கார்ந்தால் நோய் இதுதான்.

காரணங்களில் எளியது, கண்ணாடியை மாற்றிப் போட்டது. அட்டைக் கண்ணாடியைத் தவறாக மடித்து ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். அடுத்தது, மாற்றும்போது பிளேயரில் இடது வலது மாறியது. "இடம் மாற்று" பொத்தான் இருக்கும். மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது: படம் நிலைக்கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகப் புரண்டிருப்பது. கிடைமட்டமாகப் புரட்டினால் நிறங்கள் அப்படியே இருக்கும், விலகல் மட்டும் எதிர்த்திசைக்குப் போய்விடும். ஆழமும் கவிழ்ந்துவிடும். புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னாலிருந்து காட்டும் அமைப்பில் விட்டுவிட்டு நான் ஒருமுறை அரை மணி நேரம் கண்ணாடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். காட்சியில் எழுத்து எதுவும் இல்லாததால் படம் புரண்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை. அன்றிலிருந்துதான் சோதனை அட்டையில் வட்டத்துக்குப் பதிலாகச் சொற்களை எழுத ஆரம்பித்தேன்.

## "ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் உருவம் தெரிகிறது"

எல்லாவற்றிலும் அதிகம் வரும் புகார் இது. ஒரு கண்ணுக்குப் போக வேண்டியது இன்னொரு கண்ணிலும் கொஞ்சம் ஒழுகுகிறது. சோதனை அட்டை இங்கேதான் தன் கூலியைக் கொடுக்கும்.

### அட்டையிலும் கசிகிறது

முதலில் இரவு நேர வசதி. மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு, கண்ணுக்கு இதம் என்று நீலத்தைக் குறைக்கும் அமைப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு, எல்லாவற்றையும் அணையுங்கள். பகலில் ஒத்திகை பார்த்தபோது அருமையாக இருந்த படம் இரவுக் காட்சியில் சொதப்புகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அடுத்து, தொலைக்காட்சி, திரை, கைபேசி எதுவானாலும் அதன் நிற அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே, ஒரு கண்ணை மூடியபடி அட்டையைப் பாருங்கள். இங்கே பெயரை நம்பாதீர்கள். "துல்லிய நிறம்" என்று பெயர் வைத்திருக்கும் அமைப்பு நமக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். அகன்ற நிற வரம்புள்ள புதிய திரைகளில் பல சமயம் நேர்மாறாக நடக்கும். அந்தத் திரையின் பச்சை மிகவும் அடர்த்தியானது. கோப்பு கேட்கும் சாதாரண சயானைத் துல்லியமாகக் காட்ட வேண்டுமென்றால் திரை கொஞ்சம் சிவப்பையும் எரியவிட வேண்டும். அந்தச் சிவப்பு நேராக இடது கண்ணுக்குள் போகிறது. "நேட்டிவ்" மாதிரி, வருகிற எண்களை அப்படியே காட்டும் அமைப்பு இருந்தால் அதை முயலுங்கள். எந்த அமைப்பில் மங்கல் சொல் மிகக் குறைவாகத் தெரிகிறதோ அதுவே சரி. வெறுங்கண்ணுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

புரொஜெக்டரில் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஊதிக் காட்டும் வசதிகளை அணையுங்கள். சுவர் வெள்ளையாக இருக்கட்டும். இளமஞ்சள், இளநீலச் சுவர்கள் ஒரு கண்ணின் படத்தைச் சாப்பிட்டுவிடும். ஒன்றில் நிம்மதி: துருவமுனைப்பு முறைக்குத் தேவைப்படும் வெள்ளித் திரை இதற்கு வேண்டாம். வெள்ளைத் துணியே போதும்.

இன்னும் கசிகிறதா? அதே கண்ணாடியோடு வேறொரு சாதனத்தில் அட்டையைப் பாருங்கள். அங்கும் அதே அளவு கசிந்தால் குற்றவாளி கண்ணாடி. என் அனுபவத்தில் மலிவுக் கண்ணாடிகளில் சயான் பக்கம்தான் முதலில் காலை வாரும். சிவப்புச் சொல் அதன் வழியே மங்கலாக எட்டிப் பார்க்கும். வண்ணக் காகிதத்தில் நீங்களே செய்த கண்ணாடி என்றால் ஒரு எச்சரிக்கை. சயான் கிடைக்கவில்லை என்று நீலக் காகிதத்தின் மேல் பச்சைக் காகிதத்தை அடுக்குவார்கள். நீலம் பச்சையை மறிக்கும், பச்சை நீலத்தை மறிக்கும். அந்தக் கண் இருட்டறையாகிவிடும். நீலம் மட்டும் ஒற்றையாக வைத்தாலே அதைவிட நன்றாக வேலை செய்யும். சிவப்புக் காகிதத்தின் வழியே கசிந்தால் அதையே இரண்டாக மடித்துப் போடலாம்.

வேறு சாதனத்தில் கசிவில்லை, உங்கள் திரையில் மட்டும் எந்த அமைப்பிலும் கசிகிறது என்றால் அந்தத் திரை வெளிவிடும் ஒளியே கண்ணாடியோடு ஒத்துப்போகவில்லை. அதற்காகத் திரையைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டாம். அவர் பார்வையில் அதில் பழுதே இல்லை. வேறு தயாரிப்புக் கண்ணாடி ஒன்றை முயல்வதுதான் மலிவு. வெறுங்கண்ணுக்கே வெள்ளை ஒரு பக்கம் சாயம் அடித்த மாதிரி தெரிந்தால் மட்டும் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள்.

### அட்டை சுத்தம், படத்தில் மட்டும் கசிகிறது

கோப்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். செய்திச் செயலி வழியாக வந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஜேபெக்கும் பெரும்பாலான வீடியோ வடிவங்களும் இடத்தை மிச்சப்படுத்த வெளிச்ச விவரத்தைக் காப்பாற்றிவிட்டு நிற விவரத்தைப் பாதியாகக் குறைக்கும். சாதாரணப் படத்தில் கண்ணுக்கே தெரியாது. நமக்கோ இரண்டு கண்ணின் படமும் நிறத்தில்தான் பிரிந்திருக்கிறது. நிறத்தைக் கலைத்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஒழுகும். கைக்கடிகார முள், கம்பிவலை, முடி இவற்றின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சிவப்பு சதுரம் சதுரமாகப் பிசிறியிருந்தால் இதுதான் காரணம். மூலக் கோப்பை பிஎன்ஜியாகவோ, நிறக் குறைப்பில்லாத உச்சத் தர ஜேபெக்காகவோ திரும்பக் கேட்டு வாங்குங்கள். வீடியோ என்றால் இடது வலது தனித்தனியாக உள்ள கோப்பை வாங்கி, பிளேயரிலேயே சிவப்பு–சயானாக மாற்றிக்கொள்வது நல்லது. சுருக்கம் முதலில், நிறப் பிரிப்பு அதற்குப் பிறகு, வரிசை முக்கியம்.

கோப்பும் நல்லதுதான், சில காட்சிகளில் மட்டும் நிழல் என்றால் அது காட்சியின் குணம். இருட்டு வானத்தில் நிலா, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இந்த இடங்களில் கொஞ்சமே கசிந்தாலும் பளிச்சென்று தெரியும். படத்தின் மாறுபாட்டைச் சற்றுக் குறைத்து, கறுப்பை லேசாகச் சாம்பலாக்குங்கள். நிழல் அதில் அமுங்கிவிடும்.

## "சிவப்புச் சட்டை மட்டும் மினுக் மினுக்கென்று துடிக்கிறது"

சிவப்புச் சட்டை இடது கண்ணுக்குப் பிரகாசம், வலது கண்ணுக்குக் கருமை. இரண்டு கண்ணும் சண்டை போடுகின்றன; மூளை ஒரு நொடி இதை நம்புகிறது, மறுநொடி அதை. அடர் நீலம், அடர் பச்சையிலும் நடக்கும், ஆனால் சிவப்புதான் கொடுமை.

பிளேயரிலோ மாற்றும் மென்பொருளிலோ "முழு நிறம்" என்று இருந்தால் "அரை நிறம்" என்று மாற்றுங்கள். "டுபுவா" என்ற தேர்வு இருந்தால் அதை முதலில் முயலுங்கள். கசிவையும் சண்டையையும் சேர்த்துக் குறைக்கும், நிறமும் ஓரளவு பிழைக்கும். எதுவும் சரிவரவில்லையா, சாம்பல் முறைக்குப் போங்கள். நிறம் போகும், ஆழம் நிலைக்கும்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே சிவப்பு–சயானாக முடிந்துவிட்ட படத்தை எடுத்து நிறச் செறிவைக் குறைக்கக் கூடாது. இரண்டு கண்ணின் படமும் கலந்து 3டியே செத்துவிடும். இடது வலது மூலப்படங்களுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்துதான் மாற்ற வேண்டும். நீங்களே படம் எடுப்பவராக இருந்தால் சிவப்பு உடுத்தியவரை உடை மாற்றச் சொல்வது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

## "தலைவலி, கண் இழுக்கிறது"

எத்தனை நிமிடத்தில் வந்தது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பார்த்த பிறகு என்றால் போதும், எழுந்து போகலாம். ஒரு நிமிடத்துக்குள் என்றால் படத்தில் குறை.

இடது வலது உருவங்கள் மேலும் கீழுமாக விலகியிருக்கிறதா? கையில் பிடித்து எடுத்த படங்களில் சர்வ சாதாரணம். கண்கள் உள்ளே வெளியே திரும்பிச் சமாளிக்கும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று திரும்ப அவற்றுக்குப் பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கிடைமட்டக் கோட்டை, மேசை விளிம்பையோ ஜன்னல் சட்டத்தையோ பாருங்கள். அதன் மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும் பட்டையாகத் தெரிந்தால் பிடிபட்டது. மூலப்படங்கள் இருந்தால் ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற மென்பொருளின் தானியங்கிச் சீரமைப்பு இதை நொடியில் முடிக்கும். முடிந்த படம் மட்டும்தான் இருக்கிறதென்றால் கிம்ப் மென்பொருளில் மூன்று நிறங்களையும் தனி அடுக்குகளாகப் பிரித்து, சிவப்பு அடுக்கை மட்டும் இரண்டு மூன்று புள்ளி (பிக்சல்) மேலோ கீழோ நகர்த்தி மறுபடி சேருங்கள். நிறத்தின் ஓரங்கள் லேசாகப் பிசகும், ஆனால் தலைவலி போய்விடும்.

மடிக்கணினியில் நன்றாக இருந்தது, பெரிய திரையில் வலிக்கிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 புள்ளி அகலப் படத்தில் தூரத்து மலையின் இரண்டு உருவங்களுக்கும் நடுவே 50 புள்ளி இடைவெளி என்று வையுங்கள். 34 செ.மீ. அகலத் திரையில் அது 1 செ.மீ. கூட இல்லை. அதே படம் 3 மீட்டர் அகலத்தில் விழும்போது கிட்டத்தட்ட 7.8 செ.மீ. பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கு இடைவெளி சராசரியாக 6.3 செ.மீ. அளவுதான். அந்த மலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அவை அப்படித் திரும்புவதற்கு ஆனவை அல்ல. குழந்தைகளுக்குக் கண் இடைவெளி இன்னும் குறைவு. படத்தைச் சிறிதாக்குங்கள். அல்லது சிவப்பு அடுக்கை வலப்பக்கம் நகர்த்தி, மலையின் இடைவெளியைத் திரையில் 6 செ.மீ.க்குக் கீழே கொண்டுவாருங்கள். முழுக்காட்சியும் கொஞ்சம் முன்னால் வந்துவிடும், அவ்வளவுதான்.

கண்ணாடி போடாதபோதும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது, வலி மறுநாளும் தொடர்கிறது என்றால் படத்தை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண் மருத்துவரைப் பாருங்கள்.

## "சிவப்புப் பக்கம் மங்கலாக இருக்கிறது"

கண்ணாடியின் நிறத் தாளில், அதாவது வடிகட்டியில், கைரேகை, கீறல், சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அறை விளக்கை அணையுங்கள். சிவப்பு வழியாக வரும் ஒளியே குறைவு. இருந்தும் மங்கல் என்றால் அது கண்ணின் இயல்பு: சிவப்பு ஒளி நீலத்தைவிடச் சற்றுப் பின்னால் போய்த்தான் குவிகிறது. வாசிக்கும் கண்ணாடி போடுபவர்கள் அதை முதலில் போட்டு, மேலே அட்டைக் கண்ணாடியை வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரையிலிருந்து தள்ளி உட்கார்வதும் உதவும்.

## "வெளியே வரும் பொருள் ஓரத்தில் வெட்டுப்படுகிறது"

திரைக்கு முன்னால் மிதக்கும் கையைத் திரையின் ஓரம் வெட்டினால், பின்னால் இருக்கும் சட்டம் முன்னால் இருக்கும் கையை எப்படி மறைக்கும் என்று மூளை முறைக்கும். இடது கண் படத்தின் இடது ஓரத்திலும் வலது கண் படத்தின் வலது ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை வையுங்கள், அல்லது காட்சி முழுவதையும் பின்னால் தள்ளுங்கள்.

## "திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் கெடுகிறது"

அச்சு இயந்திரத்தின் "தானாக அழகுபடுத்து" வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். மீதி, மைகளின் வரம்பு. மாறுபாடு குறைந்த படத்தைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வழியில்லை. பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் லூயி டுகோ டு ஓரோன் இந்த அச்சு முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1891-இல். அன்றைக்கு மை கசிந்தது, இன்றைக்கும் கசிகிறது.

## "எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் இல்லை"

முதலில் அவருடைய கண்ணாடியைப் பக்கத்திலிருப்பவருடையதோடு மாற்றுங்கள். அதிலேயே பாதி பேர் சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவரா? அது தடையில்லை. பிரிக்கும் வேலையைக் கண்ணுக்கு முன்னாலேயே வடிகட்டி முடித்துவிடுகிறது. சிலருக்குச் சிவப்புப் பக்கம் இருட்டாகத் தெரியலாம், ஆழம் தெரியும்.

பிறகு சோதனை அட்டையை இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சொல்லும் நிலையாகத் தெரிய வேண்டும். ஒரு சொல் காணவே இல்லை, அல்லது வந்து வந்து போகிறது என்றால் மூளை ஒரு கண்ணை ஒதுக்கி வைத்திருக்கலாம். கண் மருத்துவமனைகளில் சிவப்பு–பச்சைக் கண்ணாடி போட்டுச் செய்யும் வொர்த் நான்கு புள்ளிச் சோதனையும் இதே யோசனைதான். ஆனால் நம் அட்டையை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. பெரியவர் என்றால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாதாரணப் படத்தைப் போட்டுக் கொடுங்கள். சிறு குழந்தை என்றால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாறுகண்ணும் சோம்பல் கண்ணும் சின்ன வயதிலேயே கவனித்தால்தான் நன்றாகச் சரியாகும்.

## "கழற்றின பிறகும் ஒரு கண்ணில் நீலம், ஒரு கண்ணில் சிவப்பு"

ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தால் சுவரின் நிறம் மாறி மாறித் தெரியும். சிவப்பு வழியே பார்த்த கண்ணுக்குச் சுவர் நீலச் சாயலோடும், மற்றதற்குச் சிவப்புச் சாயலோடும் தெரியும். பழுதில்லை. சில நிமிடத்தில் தானாகப் போய்விடும். குழந்தைகள் அதற்குள் திரும்பக் கண்ணாடியைக் கேட்பார்கள்.